அடுத்த படம்! – போட்டோ பொறுக்கும் வேலையின் கதை

கல்யாணம் முடிந்த மறுநாள் கேமராக்காரரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே 1500 படங்கள். ஆல்பத்துக்குப் போகப் போவது 150தான். மீதியை ஒதுக்க வேண்டும். அதற்கு ஒரே ஆயுதம், கீபோர்டில் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி. தட்டினால் அடுத்த படம், தட்டினால் அடுத்த படம்...

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை தட்டும்போதும் படம் தெளிவாகத் தெரிய 3 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1500 படத்துக்கு 4500 வினாடி, அதாவது 75 நிமிடம். அதே கணக்கில் 0.2 வினாடி என்றால் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'ஐடில் டைம்' தெரிந்திருக்கும். வேலை நடக்காத நேரத்துக்குக் கொடுக்கும் கூலி. 75 நிமிடத்தில் 70 நிமிடம் சுத்தமான ஐடில் டைம்! இத்தனைக்கும் ஒரு படத்தில்கூட இன்னும் கை வைக்கவில்லை. கலர் திருத்துவது, வெட்டுவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. கிட்டத்தட்ட நூறு வயது அதற்கு.

கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தகடு கனம், விலை அதிகம், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆகவே யோசித்து யோசித்துத்தான் எடுத்தார்கள். ஐந்து தகட்டில் நல்லது எது என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. நிலைமையை மாற்றியது லைக்கா. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய இந்தச் சின்ன கேமரா 1925ல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகமானது. சினிமா பிலிம்தான் இதற்குத் தீனி. ஒரு ரோலில் 36 படம், ஒவ்வொன்றும் 24 மி.மீ. உயரம், 36 மி.மீ. அகலம். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி டப் டப்பென்று எடுத்துத் தள்ளலாம்.

எடுப்பது சுலபமானதும் பொறுக்குவது கஷ்டமாகிவிட்டது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய நெகட்டிவ். அதிலும் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்க்க 36ஐயும் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் பேப்பர் செலவு, மருந்து செலவு, இருட்டறையில் ஒரு முழு நாள். எல்லாம் 30 படத்தைக் குப்பையில் போடுவதற்காக.

இதற்குக் கிடைத்த விடைதான் காண்டாக்ட் ஷீட். 36 படமுள்ள பிலிமை ஆறாறு படமாக ஆறு துண்டுகளாக வெட்டுவார்கள். எட்டுக்குப் பத்து அங்குல போட்டோ பேப்பரின் மேல் வரிசையாகப் பரப்பி, மேலே கண்ணாடியை வைத்து அழுத்தி, விளக்கை ஒருமுறை போட்டு அணைப்பார்கள். பேப்பரைக் கழுவினால் 36 படமும் நெகட்டிவின் அதே அளவில் ஒரே தாளில் வந்துவிடும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது மாதிரியான ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்து, பிடித்ததைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் கட்டம் போடுவார்கள். பெரும்பாலும் சிவப்புப் பென்சில்.

இந்தத் தாளில் 7ஆம் படத்திலிருந்து 8க்குப் போக ஆகும் நேரம் என்ன? கண் நகரும் நேரம் மட்டும். 7, 8, 9 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கண் மூடியது எது, கை மறைத்தது எது என்று ஒரே பார்வையில் தெரியும். கம்ப்யூட்டர் இந்த வசதிக்குப் பக்கத்தில் வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குறை ஒன்று உண்டு. அவ்வளவு சின்னப் படத்தில் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முழுப் படத்தைத் திறக்காமல் அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பிரதியைப் பார்த்து முடிவெடுப்பது என்ற தந்திரத்துக்கு அது கொடுத்த விலை. இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

பொறுக்கும் வேலை எவ்வளவு கொடூரமாக இருக்க முடியும் என்பதற்கு ராய் ஸ்ட்ரைக்கர் ஓர் உதாரணம். இவர் போட்டோகிராபர் அல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். 1935ல், பொருளாதார மந்தத்தில் அமெரிக்க விவசாயிகள் பட்ட பாட்டைப் படமெடுக்க அந்நாட்டு அரசு ஏற்படுத்திய பிரிவுக்குத் தலைவரானார். டொரோத்தியா லாங், வாக்கர் எவன்ஸ், ரஸ்ஸல் லீ என்று பெரிய பெரிய ஆட்கள் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். ஊர் ஊராகச் சுற்றி அவர்கள் அனுப்பிய பிலிம்கள் வாஷிங்டனில் குவிந்தன. பிடிக்காத படங்களை ஸ்ட்ரைக்கர் என்ன செய்தார் தெரியுமா? ரயில் டிக்கெட்டில் ஓட்டை போடுவது மாதிரி நெகட்டிவிலேயே ஓட்டை போட்டார்! பிரிண்ட் போட்டால் அந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம் விழும். விவசாயியின் முகத்தில் ஒரு வட்டம், வயலுக்கு மேல் சூரியன் மாதிரி ஒரு வட்டம். இனி யாரும் அந்த நெகட்டிவைத் திரும்பப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் பாருங்கள். நிர்வாக ரீதியில் மிகச் சுத்தமான முறை. எடுத்தவர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், பிற்பாடு அந்த வழக்கம் நின்றது. ஓட்டை விழுந்த நெகட்டிவ்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிர் ராபர்ட் ஃபிராங்க். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். 1955ல் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. பழைய கார் ஒன்றில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் 767 ரோல், 27,000க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாவற்றையும் காண்டாக்ட் ஷீட் போட்டார். சிவப்புக் கட்டம் போட்டவற்றிலிருந்து சுமார் 1000 படங்களைப் பிரிண்ட் எடுத்தார். அவற்றைச் சுவரில் குத்தியும் தரையில் பரப்பியும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் புத்தகத்துக்குத் தேறியது 83. 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 1958ல் பிரான்சிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் வெளிவந்தது. 27,000ல் 83 என்றால் சுமார் 325க்கு ஒன்று. எடுத்தது மட்டுமல்ல, இந்தப் பொறுக்கலும் சேர்ந்துதான் ராபர்ட் ஃபிராங்க். சுவர் முழுக்கப் படத்தை ஒட்டி வைப்பது மெதுவான வேலை மாதிரித் தெரியும். ஆனால் கூடத்தின் நடுவில் நின்று தலையைத் திருப்பினால் போதும், அடுத்த படம்.

பொறுக்குவதைத் தள்ளிப் போட்டவர் கதையும் உண்டு. நியூயார்க் தெருக்களைப் படம் எடுத்துப் பேர் வாங்கிய கேரி வினோகிராண்ட், எடுத்தவுடன் படத்தைப் பார்க்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். எடுத்த நேரத்துச் சந்தோஷம் தீர்ப்பைக் கெடுத்துவிடும் என்பது அவர் வாதம். ஒரு வருஷம், அதற்கு மேலும் பிலிமை அப்படியே வைத்திருப்பார். வாதம் என்னவோ நியாயம்தான். ஆனால் 1984ல், 56 வயதில், புற்றுநோய் வந்து சில வாரங்களிலேயே இறந்து போனார். விட்டுச் சென்ற கணக்கு இது: கழுவாத பிலிம் சுமார் 2,500 ரோல், கழுவியும் காண்டாக்ட் ஷீட் போடாதது சுமார் 6,500 ரோல், ஷீட் போட்டும் படம் தேர்ந்தெடுக்காதது சுமார் 3,000 ரோல். முதல் இரண்டை மட்டும் கூட்டி 36ஆல் பெருக்கினால் 3,24,000 படம். எடுத்தவரே ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத படங்கள்! நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் ஷார்கவ்ஸ்கி ஆட்களை வைத்து அவற்றைக் கழுவி, பார்த்து, ஒரு பகுதியை 1988ல் கண்காட்சியில் வைத்தார். அவை வினோகிராண்டின் படங்களா, ஷார்கவ்ஸ்கியின் படங்களா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை.

நடுவில் கலர் ஸ்லைடு வந்தது. பத்திரிகை ஆபீஸ்களில் விளக்கு எரியும் வெள்ளை மேஜை, ஒரு பிளாஸ்டிக் தாளில் 20 ஸ்லைடு, அதே பூதக்கண்ணாடி. திரையில் போட்டுப் பார்க்க கோடக் கம்பெனி 1961ல் கொண்டுவந்த கரௌசல் புரொஜெக்டர் ஒரு நல்ல மூளை வேலை. வட்டத் தட்டில் 80 ஸ்லைடு. பொத்தானை அழுத்தினால் தட்டு ஒரு பல் சுழலும், ஸ்லைடு தன் கனத்திலேயே கீழே விழும். கையில் இருந்த ரிமோட்டில் முன்னே போக ஒரு பொத்தான், பின்னே போக ஒரு பொத்தான். நம் கீபோர்டு அம்புக்குறிகளின் தாத்தா என்று இதைச் சொல்லலாம். ஒரு ஸ்லைடு போய் இன்னொன்று விழும் இடைவெளியில் திரை ஒரு கணம் இருண்டுவிடும். 2004ல் கோடக் இதன் தயாரிப்பை நிறுத்தியது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

1990ல் போட்டோஷாப் வந்தபோது அதில் 'அடுத்த படம்' என்ற ஏற்பாடே கிடையாது. ஒரு படத்தைத் திற, பார், மூடு, மெனுவுக்குப் போ, அடுத்ததைத் திற. படத்தைத் திருத்துபவர் ஒரே ஒரு படத்தோடு உட்கார்ந்திருப்பார் என்பதுதான் செய்தவர்களின் எண்ணம். அன்று அது தவறில்லை, ஏனென்றால் பிரிண்டிலிருந்தோ நெகட்டிவிலிருந்தோ ஸ்கேன் செய்த படம்தான் கம்ப்யூட்டருக்குள் வந்தது. பொறுக்கல் அதற்கு முன்பே மேஜையில் முடிந்திருக்கும்.

டிஜிட்டல் கேமரா அந்த மேஜையைத் தூக்கி எறிந்துவிட்டது. 1994ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் கோடக்கும் சேர்ந்து செய்தி போட்டோகிராபர்களுக்காக என்.சி.2000 கேமராவைக் கொண்டுவந்தன. 1.3 மெகாபிக்சல்தான். 1999ல் நிக்கான் டி1, 2.7 மெகாபிக்சல். பிலிம் செலவு இல்லை, 36க்கு ஒரு தரம் ரோல் மாற்றும் வேலையும் இல்லை. கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். பிறகு இடைவேளையின் 15 நிமிடத்துக்குள் நல்லதைப் பொறுக்கி, கேப்ஷன் எழுதி, ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். முதலில் அனுப்பியவரின் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். இங்கே 3 வினாடி என்பது வெறும் எரிச்சல் அல்ல, பிழைப்பு.

ஏன் 3 வினாடி ஆகிறது? ஜேபெக் படம் என்பது சுருக்கி மடித்து வைத்த துணி மாதிரி. பார்க்க வேண்டுமென்றால் விரித்தாக வேண்டும். டி1 எடுக்கும் 2000 x 1312 புள்ளிப் படத்தை விரித்தால், புள்ளிக்கு 3 பைட் வீதம் கிட்டத்தட்ட 8 எம்.பி. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மொத்த மெமரியே 32 அல்லது 64 எம்.பி.தான்! 'ரா' ஃபைல் என்றால் இன்னும் மோசம். கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறம்தான் பதிவாகும். பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடக்கின் பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விட்டுப்போன இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பினால்தான் படம் தெரியும்.

இதைச் சமாளிக்க இரண்டு தந்திரங்கள் போதுமானதாக இருந்தன. இரண்டுமே பழசு.

முதலாவது காண்டாக்ட் ஷீட் தந்திரம், முழுசைத் திறக்காதே. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது. ஒவ்வொரு சதுரத்தின் முதல் எண்ணும் அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும். அந்த முதல் எண்களை மட்டும் எடுத்துப் பரப்பினால், எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு சின்னப் படம் கிடைத்துவிடும். மீதியை விரிக்கவே வேண்டாம். அது தவிர, 1995ல் ஜப்பானியக் கேமரா உலகம் வகுத்த எக்சிஃப் முறைப்படி, கேமராவே ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் ஒரு குட்டிப் படத்தைச் செருகி வைக்கும். ரா ஃபைல்களுக்குள் கேமரா தானாகவே செய்து வைத்த ஒரு பெரிய ஜேபெக் படமும் இருக்கும். கேமராவின் முதுகில் உள்ள திரையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது தந்திரம், கேட்பதற்கு முன்பே எடுத்து வை. 5ஆம் படத்தை மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது? அந்த நேரத்தில் 6ஐ விரித்து மெமரியில் தயாராக வைத்துக்கொண்டால், அம்புக்குறியைத் தட்டிய நொடியில் காட்டிவிடலாம். இவர் இலையில் சோற்றைப் பார்த்ததும் கேட்காமலே ரசத்தோடு வந்து நிற்கும் பந்தி பரிமாறுபவரின் தந்திரம்.

ஏ.சி.டி.சீ மென்பொருள் 1994ல் வந்தது. நம்மூர் ஸ்டூடியோக்காரர்களுக்கும் பழகிய பெயர். ஸ்பேஸ் பார் அடுத்த படம், பேக்ஸ்பேஸ் முந்தைய படம், அடுத்ததை முன்கூட்டியே விரித்து வைக்கும் வசதியும் இதில் இருந்தது. 1996ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த போஸ்னிய மாணவர் இர்ஃபான் ஸ்கிலியன் தன் பெயரிலேயே இர்ஃபான்வியூவை வெளியிட்டார். ஒரு கல்லூரி மாணவர் தனியாளாக எழுதி, சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. ஃப்ளாப்பியில் அடங்கும் அளவு. பெரிய கம்பெனிகளெல்லாம் கோட்டை விட்ட இடத்தில் இப்படி ஒருவர் புகுந்தது நியாயமாகவே பெருமைப்பட வேண்டிய விஷயம். 2001ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யே படம் பார்க்க அடுத்து, முந்தையது என்று இரண்டு பொத்தான்களைக் கொடுத்த பிறகு, இது எல்லோருக்குமான வசதியாகிவிட்டது.

மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வந்தது வேறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கேமரா பிட்ஸ் என்ற சின்னக் கம்பெனி 1998ல் ஃபோட்டோ மெக்கானிக்கை வெளியிட்டது. அதில் படத்தைத் திருத்த முடியாது என்றே சொல்லலாம். பார்க்கலாம், குறி போடலாம், கேப்ஷன் எழுதலாம், அனுப்பலாம். ரா ஃபைலைத் தொடவே தொடாது, உள்ளே செருகியிருக்கும் ஜேபெக்கை உருவிக் காட்டும். அவ்வளவுதான் ரகசியம். கேப்ஷனில் ஆட்டக்காரரின் ஜெர்சி எண்ணுக்கான குறியைத் தட்டினால் முழுப் பெயராக விரியும். பார்க்கப் பழைய காலத்து ஆபீஸ் மென்பொருள் மாதிரி இருந்தாலும், இருபது வருஷத்துக்கு மேலாக உலகமெங்கும் செய்தி போட்டோகிராபர்கள் அதை விடவில்லை.

0.2 வினாடிக்கும் 3 வினாடிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கூட்டல் கணக்கு அல்ல என்பதை ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த வால்ட்டர் டோஹர்ட்டியும் அர்விந்த் தடானியும் 1982லேயே எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பதில் சொல்ல எடுக்கும் நேரம் குறைந்தால், அடுத்த கட்டளையைத் தர மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்து குறைகிறது என்பது அவர்கள் கண்டது. காத்திருக்கும்போது மனசு எங்கோ போய்விடுகிறது, திரும்பி வரத் தனியாக நேரம் பிடிக்கிறது. படம் பொறுக்குபவருக்கு இது இன்னும் பொருந்தும். 7ஆம் படத்தின் சிரிப்பு மனதில் இருக்கும்போதே 8 வந்தால்தான் எது நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியும். மூன்று வினாடி கழித்து வந்தால் 7 மறந்து போயிருக்கும், பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு இன்னொரு மூன்று வினாடி.

பெரிய கம்பெனிகள் மெதுவாகத்தான் விழித்தன. போட்டோஷாப்பில் ஃபைல் பிரவுசர் 2002ல் வந்தது, 2005ல் அது பிரிட்ஜ் என்று தனி மென்பொருளானது. அதே 2005ல் ஆப்பிள் அபெர்ச்சர் கொண்டுவந்து, 2014ல் கைகழுவியது. அடோபியின் லைட்ரூம் 2006ல் சோதனைப் பதிப்பாகவும் 2007ல் முழுதாகவும் வந்தது. அதில் ஒரு அழகான சங்கதி: கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால், படத்துக்கு 'பி' என்றோ 'எக்ஸ்' என்றோ குறி போட்ட உடனே தானாகவே அடுத்த படத்துக்குப் போய்விடும். வேண்டும், வேண்டாம், வேண்டாம், வேண்டும்... அம்புக்குறியே தேவையில்லை. ஆனால் ரா ஃபைலைத் தன் கணக்கில் விரித்துத்தான் காட்டுவேன் என்று லைட்ரூம் பல வருஷம் அடம் பிடித்தது. கேமரா செருகிய ஜேபெக்கைக் காட்டியே பொறுக்க விடும் வசதி 2017 அக்டோபரில்தான் வந்தது. ஃபோட்டோ மெக்கானிக் வந்து 19 வருஷம் கழித்து! அதுவரை பலர் ஃபோட்டோ மெக்கானிக்கில் பொறுக்கி, தேறியதை மட்டும் லைட்ரூமில் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

வேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'வேண்டாம்' என்று குறி போட ஒரு தட்டல் என்றால், அழித்துவிடவும் ஒரு தட்டல்தான். ஸ்ட்ரைக்கரின் ஓட்டையாவது நெகட்டிவை விட்டுவைத்தது.

1998 ஜனவரியில் மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் வெடித்தது. டைம் பத்திரிகைக்காக வெள்ளை மாளிகையைப் படம் எடுத்துவந்த டர்க் ஹால்ஸ்டெட்டுக்கு, டி.வி.யில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே, எப்போது என்று ஞாபகம் வரவில்லை. அவர் பிலிமில், ஸ்லைடில் எடுப்பவர். எதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். ஒரு உதவியாளரை அமர்த்தி, பழைய ஸ்லைடுகளை விளக்கு மேஜையில் பரப்பித் தேடச் சொன்னார். நாலு நாள், 5,000க்கும் மேற்பட்ட ஸ்லைடு. கடைசியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. 1996 அக்டோபரில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே அதிபர் கிளிண்டன் அந்தப் பெண்ணை அணைத்துக்கொள்ளும் படம். 1998ல் அது டைம் பத்திரிகையின் அட்டையில் வந்தது.

அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று அதே கூட்டத்தை எடுத்தவர்களில் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்களும் உண்டு. ஹால்ஸ்டெட் பின்னாளில் எழுதியபடி, அவர்களிடம் அந்தப் படம் இல்லை. யாரோ ஒரு பெண்ணை அதிபர் அணைக்கிறார், இதில் என்ன இருக்கிறது என்று அன்றே அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தார்கள்.